ஏழாம் வகுப்புப் பையனுக்கு எந்தத் தொடர் புத்தகம்?

கேள்வி: என் மகன் மதுரையில் சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கதைப் புத்தகம் என்றால் விம்பி கிட் மட்டும்தான், அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். அவன் தாத்தா ‘பொம்மைப் புத்தகம்’ என்று கிண்டல் செய்கிறார். போன லீவில் தள்ளுபடி போட்டிருந்தார்களே என்று ஹாரி பாட்டர் ஏழும் சேர்ந்த பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். முதல் புத்தகத்தில் நாற்பது பக்கம் தாண்டவில்லை. ‘படம் பார்த்துட்டேன்மா, கதை தெரியும்’ என்கிறான். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் லெக்ஸைல் எண் (ஆங்கிலப் புத்தகம் படிக்க எவ்வளவு கடினம் என்று காட்டுகிற எண்) பார்த்து வாங்கச் சொல்கிறார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ஆனால் தாத்தாவிடம் மகாபாரதக் கதை கேட்க எப்போதும் தயார். எந்தத் தொடரை வாங்கினால் முழுசாகப் படிப்பான்? கட்டாயப்படுத்தலாமா? டேப்லெட்டில் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்தப் பெட்டியை அவன் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படலாம். அது படிப்பு மேஜைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும்வரை நீங்கள் புதிதாக எதை நீட்டினாலும் ‘இதுக்கும் பின்னாடி ஆறு இருக்குமோ’ என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

அந்தத் தொடர் மோசம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி நூலகத்தில் இன்றைக்கும் அதிகம் கை மாறும் புத்தகங்களில் அது ஒன்று. ஆனால் அது வந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். முதல் புத்தகம் 1997இல், ஏழாவது 2007இல். நாயகனுக்குப் பதினோரு வயதில் தொடங்கிப் பதினேழில் முடிகிற கதை. பிரிட்டிஷ் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். அதாவது படிக்கிற பிள்ளையும் கூடவே வளர வளரப் புத்தகமும் தடித்து, கதையும் இருட்டாகிக்கொண்டே போனது, நடுவில் காத்திருக்க வருடக்கணக்கில் நேரமும் இருந்தது. பெட்டியாக வாங்கும்போது அந்தப் பத்து வருடத்தை ஒரே கோடை விடுமுறைக்குள் திணித்துவிடுகிறோம். போதாததற்கு உங்கள் பையன் படத்தையும் பார்த்துவிட்டான், அதனால் ‘அடுத்து என்ன’ என்கிற இழுப்பும் போய்விட்டது. பாஷை அவனுக்குப் புதுசு, கதை பழசு. பன்னிரண்டு வயதுக்காரன் நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நீங்கள் கேட்டிருப்பது ‘எதை முழுசாகப் படிப்பான்’ என்று. நான் அதை ‘எதனுடைய இரண்டாவது புத்தகத்தைக் கேட்பான்’ என்று மாற்றிக் கேட்பேன். தொடரில் வருகிற லாபமே இரண்டாவது புத்தகத்தில்தான் தொடங்குகிறது. முதல் புத்தகத்தில் பிள்ளை எல்லாவற்றையும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது: யார் யார், ஊர் எப்படி, இந்த ஆசிரியர் ஜோக் அடிக்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா, இந்த விநோதப் பெயர்களை எப்படி உச்சரிப்பது, எல்லாமே. முதல் ஐம்பது பக்கம் கழுத்தைப் பிடிப்பது அதனால்தான். இரண்டாவது புத்தகத்தைத் திறக்கும்போது இது அத்தனையும் ஏற்கனவே கையில் இருக்கும், நேராகக் கதைக்குள் போய்விடலாம், வேகம் தானாக வரும். அந்த வேகம் ஒருமுறை வந்துவிட்ட பிள்ளை அப்புறம் வேறு புத்தகத்தின் முதல் ஐம்பது பக்கத்தையும் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். ஆகவே எந்தத் தொடராக இருந்தாலும் முதல் புத்தகம் மட்டும் வாங்குங்கள், அல்லது எடுத்து வாருங்கள். தள்ளுபடி போனால் போகிறது.

விம்பி கிட் விஷயத்தில் நான் பையன் பக்கம். அவன் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பதே, ஒரு தொடரோடு ஒட்டிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை என்பதற்குச் சாட்சி. கையெழுத்து மாதிரி அச்சு, பக்கத்துக்கு ஓரிரு படம், நிறைய வெற்றிடம், நான் நான் என்று பேசுகிற ஒரு பையன், அசட்டுத்தனமான வீட்டுச் சண்டைகள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. தாத்தாவிடம் இன்னொன்றும் சொல்லலாம். உங்கள் நாத்தனார் சொன்ன லெக்ஸைல் கணக்குப்படி பார்த்தால் விம்பி கிட் முதல் புத்தகத்தின் எண், நான் கீழே சொல்லப்போகும் பெர்சி ஜாக்ஸன் முதல் புத்தகத்தின் எண்ணைவிட அதிகம்! அந்த எண் வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு அரிது என்பதைத்தான் அளக்கும். படம் துணைக்கு இருக்கிறதா, கதை பிடித்து இழுக்கிறதா, உள்ளே இருக்கிற விஷயம் அந்த வயதுக்குத் தாங்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு வகுப்புக்கே மொத்தமாகப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அது ஓரளவு உதவும், ஒரே ஒரு பையனுக்குப் புத்தகம் தேட அது வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி, தாத்தாவிடம் மகாபாரதம் கேட்க எப்போதும் தயார் என்பது. அங்கேதான் பிடிக்க வேண்டும்.

பெர்சி ஜாக்ஸன் தொடர் கிரேக்கப் புராணத்தை இன்றைய அமெரிக்காவில் கொண்டுவந்து இறக்கிய கதை. 2005க்கும் 2009க்கும் நடுவில் ஐந்து புத்தகங்கள் வந்தன. அப்புறம் கிளைத் தொடர்கள் வரிசையாக வந்தன, அவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எழுதிய ரிக் ரியார்டன் முன்பு நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். கவனக்குறைவும் எழுத்துகளைப் பிடிப்பதில் சிரமமும் இருந்த தன் மகனுக்கு ராத்திரி தூங்கும் முன் சொன்ன கதையிலிருந்து இதைத் தொடங்கினார், கதாநாயகனுக்கும் அதே இரண்டு சிக்கலையும் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதுப் பெர்சி ‘நான்’ என்று பேசுகிறான், விம்பி கிட் கிரெக் மாதிரியே தன்னைத் தானே நக்கல் அடித்துக்கொள்கிறான். முதல் அத்தியாயத்திலேயே மியூசியம் பார்க்கப் போன இடத்தில் அவனுடைய கணக்கு டீச்சர் றெக்கை முளைத்த அரக்கியாக மாறி அவன் மேல் பாய்கிறார், அவன் வாளை வீசியதும் பொடிப் பொடியாகிவிடுகிறார். வெளியே வந்து கேட்டால் அப்படி ஒரு டீச்சரே கிடையாது என்கிறார்கள். இதைத் தாண்டி இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குறைவு. இந்தக் கதையும் படமாகவும் சீரியலாகவும் வந்திருக்கிறது, அதனால் அவன் பார்த்துவிட்டானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2010இல் வந்த படம் புத்தகத்திலிருந்து ரொம்பவே விலகிப் போனது, அதை மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை.

அதே ரியார்டனின் பெயரில் இயங்கும் பதிப்பு வரிசையில் வந்ததுதான் ஆரு ஷா தொடர், எழுதியவர் ரோஷணி சோக்ஷி. 2018 முதல் 2022 வரை ஐந்து புத்தகங்கள். அட்லாண்டாவில் வாழும் இந்தியக் குடும்பத்துப் பெண் ஆரு, வயது பன்னிரண்டு, பொய் சொல்லுவதில் கெட்டிக்காரி, தான் பாண்டவர்களில் ஒருவருடைய மறுபிறவி என்று தெரிந்துகொள்கிறாள். பாண்டவர்களே பெண்களாகப் பிறந்து வந்தால் என்ன ஆகும் என்பதுதான் விளையாட்டு. அமெரிக்கப் பள்ளிக்கூட வழக்கங்கள், அங்கத்திய சினிமா ஜோக்குகள் கொஞ்சம் அதிகம், சிலது தலைக்கு மேலே போகும். ஆனால் அமெரிக்கப் பிள்ளை பின்னால் இருக்கும் சொல் விளக்கத்தைப் புரட்டிப் பார்த்து ‘ஓ, இவர்தான் அர்ஜுனனா’ என்று கண்டுபிடிக்கிற இடத்தில் உங்கள் பையன் சட்டென்று சிரிப்பான். இதில் தாத்தாவுக்கும் வேலை இருக்கிறது. ‘தாத்தா, இவங்க எழுதியிருக்கிறது சரியா?’ என்று அவன் கேட்டால் பெரியவர் விடமாட்டார், ஒரு மணி நேரம் போகும். பொம்மைப் புத்தகக் கிண்டலும் அதோடு நிற்கலாம்.

இரண்டில் எதை முதலில் என்றால் நான் பெர்சியைச் சொல்வேன், எழுத்து இன்னும் ஓட்டமாக இருக்கும். அவனுக்கு எது பிடிக்கிறது என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு வழி கீழே.

அதற்கு முன் ஒரு விஷயம். தொடர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரே பெரிய கதையைத் துண்டு போட்டுச் சொல்வது ஒன்று, ஹாரி பாட்டர், பெர்சி, ஆரு ஷா மூன்றும் அந்த ரகம், வரிசை தப்பினால் தலையும் காலும் புரியாது. இன்னொன்று, அதே ஆட்கள், ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் தனிக் கதை. தயங்கித் தயங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டாவது ரகம் பாதுகாப்பு. நூலகத்தில் மூன்றாவது புத்தகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தால் ஐந்தாவதை எடுத்துக்கொள்ளலாம். நாலு படித்துவிட்டு நிறுத்தினாலும் நாலு கதை படித்தவன்தான், ‘பாதியில் விட்டவன்’ என்று யாரும் சொல்ல முடியாது. எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் இருபத்தொன்றும் இந்த ரகம், ஆனால் நாற்பதுகளில் தொடங்கிய கதை, பெண் பிள்ளை பாத்திரம் கழுவ ஆண் பிள்ளைகள் துப்பு துலக்கப் போகிற சமாசாரம் எல்லாம் இருக்கும், ஏழாம் வகுப்புக்குக் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகவும் படலாம்.

என் தேர்வு ஃபெலூடா. சத்யஜித் ராய் தன் தாத்தா தொடங்கிய சந்தேஷ் என்ற சிறுவர் பத்திரிகையில் 1965இல் எழுத ஆரம்பித்த துப்பறியும் கதைகள். கல்கத்தாக்காரரான ஃபெலூடா துப்பறிகிறார், கூடவே போகும் தம்பி முறைப் பையன் தோப்ஷே கதையைச் சொல்கிறான். சில கதைகளுக்குப் பிறகு லால்மோகன் பாபு என்று ஒரு மர்மக்கதை எழுத்தாளர் வந்து சேர்வார், தன் நாவல்களில் தப்புத் தப்பாகத் தகவல் எழுதுகிறவர், ஃபெலூடா திருத்திக்கொண்டே இருப்பார். இந்த மனிதருக்காகவே தொடரைத் தொடர்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜெய்சல்மேர், டார்ஜீலிங், காசி என்று கதை ரயிலேறிப் போகும். நம் ஊர் ரயில், நம் ஊர் டீ, ஆகவே ஆங்கிலத்தில் படித்தாலும் பாதிச் சுமை இல்லை. கதைகள் சின்னவை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றை முடித்துவிடலாம். எல்லாக் கதைகளையும் சேர்த்துக் கட்டிய குண்டுத் தொகுப்பும் விற்கிறது, விலை மலிவாகத் தெரியும், அதை எடுக்காதீர்கள், தனித்தனி மெல்லிய புத்தகங்களாகப் பார்த்து எடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படிச் சின்னச் சின்னப் புத்தகங்களாக வந்திருக்கிறது. ஃபெலூடா சார்மினார் சிகரெட் ஊதித் தள்ளுவார், அது ஒன்றுதான் வீட்டில் பேச்சாகலாம்.

இப்போது எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். மதுரையிலேயே இருக்கிறீர்கள், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கத்தில் இருக்கும்போது கடைக்கு ஏன் போக வேண்டும்? அங்கே குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய் இரண்டு மூன்று தொடரின் முதல் புத்தகங்களை, அங்கே எது கிடைக்கிறதோ அதை, மேஜையில் வைத்துவிட்டு நீங்கள் உங்களுக்கு ஒரு வார இதழை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். எதையும் சிபாரிசு செய்யாதீர்கள், ‘இது நல்லா இருக்குமாம்’ என்ற ஒரு வார்த்தைகூட வேண்டாம். கவனித்தால் போதும். பிள்ளைகள் முதலில் தடிமனைப் பார்ப்பார்கள், பிறகு கடைசிப் பக்க எண்ணைப் பார்ப்பார்கள், நடுவில் விரித்து எழுத்து எவ்வளவு பொடி என்று பார்ப்பார்கள், அட்டையைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். ஒரு புத்தகத்தில் நாலைந்து பக்கம் புரண்டபின் முன்பக்கத்துக்குத் திரும்பி எதையோ சரிபார்த்துவிட்டு மறுபடி விட்ட இடத்துக்கு வந்தான் என்றால் அந்தப் புத்தகம்தான். கதையில் யாரோ ஒருவர் யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, அவ்வளவு அக்கறை வந்துவிட்டது. புரட்டிக்கொண்டே போகிறான், திரும்பவே இல்லை என்றால் சும்மா ஒப்புக்குப் புரட்டுகிறான்.

அதை வீட்டுக்கு எடுத்துவருமுன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை அவனையே படிக்கச் சொல்லி, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். நூலகர்கள் எல்லோரும் சொல்கிற பழைய வழிதான் இது. நம் பிள்ளைகளுக்கு நான் ஒரு சின்னத் திருத்தம் வைத்திருக்கிறேன்: மந்திரப் பெயர், அரக்கன் பெயர், சாப்பாட்டுப் பெயருக்கு விரல் மடக்க வேண்டாம். அதெல்லாம் லண்டன் பிள்ளைக்கும் தெரியாது, கதையோடு தானாகப் பழகிவிடும். வினைச்சொல்லும் உணர்ச்சிச் சொல்லும் தெரியவில்லை என்றால்தான் கதை கை நழுவும்.

கடையில் வாங்குவதென்றால் நடைபாதையில் கிடைக்கிற திருட்டுப் பதிப்பைத் தவிருங்கள். நியாயம் அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் எழுத்து மங்கலாக இருக்கும், வரிகள் நெருக்கியடிக்கும், மறுபக்க மை தெரியும், சில சமயம் முப்பது பக்கம் சேர்ந்தாற்போல் காணாமல் போயிருக்கும். ‘போர் அடிக்குது’ என்று பிள்ளை தள்ளிவிட்ட புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் கண் வலிக்கிற அச்சாக இருந்த கதை எங்கள் நூலகத்தில் அடிக்கடி நடக்கும்.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்புப் பையன்கள் யாராவது ஹங்கர் கேம்ஸ் சிபாரிசு செய்வார்கள். பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்லவைக்கப்படும் கதை அது, இன்னும் இரண்டு வருடம் போகட்டும். விங்ஸ் ஆஃப் ஃபயர் என்று டிராகன் தொடர் ஒன்று, (கலாம் ஐயாவின் புத்தகம் இல்லை, அதே பெயர்!) அட்டையைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக் கதை போல இருக்கும், உள்ளே போர், சாவு, ரத்தம் எல்லாம் உண்டு. டிராகன்களாக இருப்பதால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், ஆனாலும் முதல் புத்தகத்தை நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். நார்னியா எடுத்தால் இப்போதைய பெட்டிகளில் எண் 1 என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, 1950இல் முதலில் வந்த சிங்கம்–சூனியக்காரி–அலமாரிக் கதையிலிருந்து தொடங்குங்கள். எழுதப்பட்ட வரிசையில் படித்தால்தான் மர்மம் மர்மமாக இருக்கும்.

தமிழ்த் தொடர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் கையில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது ஹாரி பாட்டர் பெட்டிக் கதையாகவே முடியும். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் எழுதினார், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி போட்டுவிட்டுத்தான் நிற்கும், ஆகவே ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று நீங்களோ தாத்தாவோ வாசித்துக் காட்டத் தோதானது. அவன் தானாகப் படிக்க என்றால் காமிக்ஸ். உங்களுக்குப் பக்கத்திலேயே, சிவகாசியிலிருந்து வருகின்றன, 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயன் காமிக்ஸும். பலூனுக்குள் இரண்டு வரி, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ், என்ன நடக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. லக்கி லூக்கில் தொடங்குங்கள், சிரிப்பு அதிகம். டெக்ஸ் வில்லரில் துப்பாக்கிச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி.

கட்டாயப்படுத்தலாமா என்றால், கூடாது. ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று கணக்கு வைப்பது, முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வது, ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்பது, இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு நடக்கிறது. அதற்குப் பதிலாக முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். பன்னிரண்டு வயதுக்கு வாசித்துக் காட்டுவதா என்று கூச்சப்படாதீர்கள், கழுத்தைப் பிடிக்கிற அந்த முதல் ஐம்பது பக்கத்தில் பாதியை நீங்கள் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் உச்சரிப்பு தப்பினால் அவனே திருத்துவான், அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். மூன்றாவது அத்தியாயத்தை விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுங்கள்.

அவன் முதல் புத்தகத்தின் கடைசி ஐம்பது பக்கத்தில் இருக்கும்போது இரண்டாவது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், அதற்கு முன்னும் வேண்டாம், ஒரு வாரம் பின்னும் வேண்டாம். மூன்றாவதில் சலித்து நிறுத்தினால் நிறுத்தட்டும், வேறு தொடருக்குப் போகலாம்.

ஹாரி பாட்டர் பெட்டியை அடுத்த வருடம் எடுத்துப் பாருங்கள், அப்போதும் ‘கதை தெரியும்’ என்றால் பீவ்ஸ் யார் என்று கேளுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிற குறும்புப் பேய், புத்தகங்களில் அட்டகாசம் செய்வான், எட்டுப் படத்திலும் தலைகாட்டவே மாட்டான்.

டேப்லெட் வேண்டாம். படிப்பதற்கென்றே வருகிற கிண்டில் மாதிரிக் கருவி என்றால் ஆட்சேபணை இல்லை, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், தெரியாத வார்த்தையைத் தொட்டால் அர்த்தம் வரும். ஆனால் யூடியூப் இருக்கிற அதே சாதனத்தில் நாற்பதாம் பக்கம் தாண்டச் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம்.